சட்டக் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையம்: மாணவர்களால் என்ன முடியும்?

இந்தியாவில் சட்டம் சொல்லித்தரும் ஒவ்வொரு கல்லூரியும் ஒரு இலவச சட்ட உதவி மையம் நடத்தியாக வேண்டும். விருப்பப்பட்டால் செய்யலாம் என்று விடப்பட்ட சேவை இல்லை இது, விதி. இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் இது தெளிவாக இருக்கிறது: மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில், கடைசி ஆண்டு மாணவர்கள் மையத்தை நடத்த வேண்டும், சட்டப் பணிகள் ஆணைக்குழு, தன்னார்வ வக்கீல்கள், அந்த வட்டாரத்துத் தொண்டு நிறுவனங்கள் ஆகியோரின் ஒத்துழைப்பும் இருக்க வேண்டும். ஆனால் கல்லூரிக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர்களுக்கே அப்படி ஒன்று இருப்பது பெரும்பாலும் தெரியாது. முதலாம் ஆண்டு சேர்ந்த மாணவர்களுக்கோ, அங்கே போய் நாம் என்ன செய்துவிட முடியும் என்ற தயக்கம். இந்தக் கட்டுரை இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதியது.

மருத்துவக் கல்லூரியையும் ஜி.ஹெச்.சையும் நினைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு சட்டென்று புரியும். மருத்துவ மாணவர் புத்தகத்தில் படித்த நோயை வார்டில் ஒரு மனிதரிடம் பார்க்கிறார். பக்கத்தில் பெரிய டாக்டர் இருக்கிறார். நோயாளிக்கும் சிகிச்சை கிடைக்கிறது. சட்ட மாணவருக்கு வார்டு என்பது இந்த மையம்தான்.

இலவச உதவி யாருக்கு?

1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்புச் சட்டத்தில் 39ஏ என்ற பிரிவு சேர்ந்தது. பணம் இல்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்காக அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 அன்று அமலுக்கு வந்தது. நவம்பர் 9-ஐ ஒவ்வோர் ஆண்டும் தேசிய சட்டப் பணிகள் தினமாகக் கடைப்பிடிப்பது இதனால்தான். சட்டக் கல்லூரிகளில் இப்படிப்பட்ட மையங்களை ஊக்குவித்து வழிநடத்துவதும் தேசிய ஆணைக்குழுவின் வேலை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மையங்கள் எப்படி இயங்க வேண்டும் என்று 2011-இல் தனி ஒழுங்குமுறை விதிகளும் வந்தன.

இந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவை ஒவ்வொரு சட்ட மாணவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பேன். இலவச வக்கீல் ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் அல்லது சிறையில் இருப்பவர்கள், ஆள்கடத்தலுக்கு உள்ளானவர்கள், வெள்ளம், நிலநடுக்கம், சாதி வன்கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் என இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. ஒரு பெண், பெண் என்பதாலேயே இலவச சட்ட உதவிக்குத் தகுதி உள்ளவர். இந்தப் பட்டியலில் வராதவர்களுக்குத்தான் ஆண்டு வருமானம் பார்க்கப்படும். அந்த வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், சுப்ரீம் கோர்ட்டில் 5 லட்சம் ரூபாய். கணவர் வீட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்டு, அம்மா வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் "உங்களுக்கு வக்கீல் இலவசம், உங்க அப்பா சம்பளம் எவ்வளவுன்னு யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொல்வதே பெரிய உதவி. இதைச் சொல்லச் சட்டப் பட்டம் தேவையில்லை, விவரம் தெரிந்திருந்தால் போதும்.

மாணவர் தாண்டக் கூடாத கோடு

ஆர்வம் உள்ள மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எதைச் செய்யக் கூடாது என்பதை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே வக்கீலாகத் தொழில் செய்ய முடியும். மாணவர் வக்காலத்தில் கையெழுத்துப் போட முடியாது. கோர்ட்டில் யாருக்காகவும் வாதாட முடியாது. உரிமையில்லாமல் தொழில் செய்தால் 6 மாதம் வரை சிறை என்று அதே சட்டத்தின் 45-ஆவது பிரிவு சொல்கிறது. மையத்துக்கு வருகிறவரிடம் டீக்காசு உட்பட எந்தப் பணமும் வாங்கக் கூடாது.

இதைச் சொன்னதும், "அப்புறம் என்னதான் செய்வது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சட்டக் கல்லூரி என்றாலே வாதாடுவது என்ற ஒரே படம்தான் மனதில் இருக்கிறது. ஆனால் சாதாரண மனிதரின் சட்டப் பிரச்சினையில் வாதாடுவது கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் இருக்கும் நீண்ட தூரத்தில்தான் அவர் களைத்துப்போய் விட்டுவிடுகிறார். அவருக்கு இருப்பது ஒரே ஒரு துயரம். அரசாங்கமோ அதை நான்கு மேசைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: ஒன்று போலீஸ் ஸ்டேஷனில், ஒன்று தாலுகா ஆபீஸில், ஒன்று கோட்டாட்சியரிடம், ஒன்று கோர்ட்டில். எந்தப் பகுதி எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க ஆள் இல்லாததால், நான்கு இடத்திலும் "இது இங்கே இல்லைம்மா" என்ற பதிலோடு அவர் திரும்பி வருகிறார். இந்தப் பிரிக்கும் வேலையை மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் மிக நன்றாகச் செய்ய முடியும். நான் பார்த்த வரையில் மாணவர் சேவையின் உயிர்நாடியே இதுதான்.

ஒருவர் வந்து உட்காருகிறார்

சரி, ஒரு உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி மையத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடது கையில் மாவுக்கட்டு. பிளாஸ்டிக் கவரில் கொஞ்சம் காகிதங்கள்.

"சொல்லுங்க பாட்டி."

"என்னத்தக் கண்ணு சொல்றது. ரேஷன் கார்டத் தர மாட்டேங்கறான்."

கவனியுங்கள், பேச்சு ரேஷன் கார்டில் ஆரம்பிக்கிறது. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல மற்றது வரும். மகன் தள்ளிவிட்டதில் கை முறிந்தது. அதற்கு முன்னால் வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதிக் கொடுத்த பிறகு சாப்பாட்டுக்கே வழியில்லை. ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார், "கேஸு போட்டுட்டாங்க கண்ணு, சீட்டு இருக்கு" என்கிறார்.

புதிதாக வரும் மாணவர் இந்த இடத்தில் சட்டப் பிரிவுகளை அடுக்கத் தொடங்கிவிடுவார். அவசரப்படக் கூடாது. யாரும் தன் கஷ்டத்தைத் தேதி வரிசையில் சொல்ல மாட்டார்கள், எது அதிகம் வலிக்கிறதோ அதிலிருந்துதான் தொடங்குவார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகு ஒரு தாளில் தேதிவாரியாக எழுத வேண்டும். பத்திரம் எழுதியது எந்த மாதம், வீட்டை விட்டு வெளியே வந்தது எப்போது, கை முறிந்தது என்றைக்கு, ஸ்டேஷனுக்குப் போனது என்றைக்கு. தேதி நினைவில்லாவிட்டால் "தை பொங்கலுக்கு முன்னாடியா பின்னாடியா, ஊர்த் திருவிழா சமயமா?" என்று கேட்டால் வந்துவிடும். எழுதி முடித்ததும் அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் "இல்ல கண்ணு, அது அதுக்கு முந்தின வருஷம்" என்ற திருத்தம் வரும்.

அடுத்து காகிதங்கள். ஸ்டேஷனில் கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தால் அது எஃப்.ஐ.ஆர். இல்லை, சி.எஸ்.ஆர். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகார் வாங்கியதற்கு அடையாளமாகத் தரும் ரசீது அது. புகாரைப் பெற்றோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, வழக்குப் பதிவு ஆகவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் சி.எஸ்.ஆர். சீட்டை பத்திரமாக வைத்துக்கொண்டு, வழக்கு நடக்கிறது என்று நம்பிக் காத்திருப்பவர்கள் ஏராளம். இந்த ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாலே அன்றைய வேலை பலித்தது.

கவரில் ஜி.ஹெச். சீட்டும் இருக்கிறது. எலும்பு முறிவு என்று எழுதியிருக்கிறது. இது முக்கியம். வெறும் காயம் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் நேரடியாக விசாரிக்க முடியாத குற்றம். எலும்பு முறிந்தால் சட்டப்படி அது கொடுங்காயம், போலீஸ் எஃப்.ஐ.ஆர். பதிந்தாக வேண்டிய குற்றம். இப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2013-இல் சொல்லிவிட்டது. இப்போது நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, ஸ்டேஷனில் பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். மருத்துவமனையில் போட்ட ஏ.ஆர். பதிவின், அதாவது காயத்தோடு வந்தவரைப் பற்றி எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும்.

இது ஒரு மேசை. வீடு இன்னொரு மேசை. 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, பிள்ளைகளிடம் மாதாமாதம் பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும், விசேஷக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தை ரத்து செய்யவும் அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு நுணுக்கம் உண்டு: என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தாரா என்பதைக் கேட்பார்கள். ஆகவே மாணவர் பத்திரத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். அன்பினால் எழுதிக் கொடுக்கிறேன் என்று மட்டும் இருக்கிறதா, பராமரிப்பு பற்றி ஒரு வாக்கியமாவது வருகிறதா, பத்திரத்தோடு வேறு உறுதிமொழி ஏதும் எழுதி வாங்கினாரா? இந்தச் சட்டம் முதியவர்களின் நன்மைக்காக வந்தது, அதைத் தாராளமாகத்தான் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் சொல்லியிருப்பது இங்கே கைகொடுக்கும். பத்திர விஷயத்தில் மாணவர் தானாக முடிவு சொல்லாமல் மையத்தின் வக்கீலிடம் கொண்டுபோவது நல்லது.

ரேஷன் கார்டு மூன்றாவது மேசை, அது தாலுகா ஆபீஸ். பாட்டி முதலில் கேட்டது அதைத்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. மாணவர்கள் பெரிய வழக்கு கிடைத்த உற்சாகத்தில் அதை ஓரம் கட்டிவிடுவார்கள். அவருக்கு நாளைக்கு அரிசி வேண்டும்.

இப்போது மனு எழுத வேண்டும். ஒரு மேசைக்கு ஒரு மனு, ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. எல்லாத் துயரத்தையும் ஒரே மனுவில் கொட்டினால் வாங்குகிறவர் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று புரியாமல் ஏதோ ஒரு இடத்துக்குத் தள்ளிவிடுவார். "கருணை உள்ளம் கொண்ட ஐயா அவர்கள்" என்ற அலங்காரம் எல்லாம் வேண்டாம். நடந்தது என்ன, எந்தத் தேதியில், எந்தச் சட்டப்படி என்ன கேட்கிறோம், இணைப்பில் என்னென்ன நகல்கள். ஒரு பக்கத்துக்குள் முடிக்கலாம். அசல் காகிதத்தை ஒருபோதும் கொடுத்துவிடக் கூடாது. மனு கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும், தபாலில் அனுப்பினால் தபால் ரசீதை மனு நகலின் பின்பக்கத்திலேயே ஒட்டி வைக்க வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவாக இருந்தால் மனு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் வரவில்லை என்றால் அந்த எண்ணை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதில் எதற்கும் வக்கீலின் கறுப்புக் கோட்டு தேவைப்படவில்லை. கோர்ட்டுக்குப் போக வேண்டிய நிலை வந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, இலவச வக்கீல் நியமனம் ஆகும் வரை கூடவே போக வேண்டும். முதன்மை மாவட்ட நீதிபதிதான் அதன் தலைவர். தாலுகா அளவில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

சாதி வன்கொடுமைப் புகார்களில் இந்தப் பிரிக்கும் வேலை இன்னும் கூர்மையாக வேண்டும். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் விசாரணையை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும், 60 நாளில் முடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணத் தொகை ஒரே தவணையில் வராது. பல குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். ஆனதும் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை போனதும் ஒரு பங்கு, தண்டனை கிடைத்ததும் மீதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் பங்கு வந்ததும் அவ்வளவுதான் என்று நினைத்து விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. ஒரு மாணவர் நோட்டில் மூன்று கட்டம் போட்டு, தேதி குறித்து, கலெக்டர் ஆபீஸுக்கு நினைவூட்டல் எழுதிக் கொடுத்தால் அந்தப் பணம் வரும். சமூக நீதி என்று மேடையில் பேசுவதைவிட இந்த மூன்று கட்டத்தையும் நிரப்புவது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சிறைக்குள்

2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த கோர்ட்டும் சொல்லாதவர்கள். இந்தப் பிரச்சினை பழையது. 1979-இல் பிகார் சிறைகளில் விசாரணை தொடங்காமலே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரைகளைப் பார்த்துவிட்டு, கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ஹுசைனாரா கத்தூன் வழக்கு என்று சட்டக் கல்லூரியில் படிப்பது இதைத்தான். குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். விரைவான விசாரணை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்பது அந்த வழக்கில் உறுதியானது.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அனுமதியோடு சிறைக்குப் போகும் மாணவர்கள் செய்யும் வேலை பார்க்க எளிமையாக இருக்கும், ஒரு பட்டியல் போடுவதுதான். பெயர், கைதான தேதி, என்ன பிரிவு, அந்தப் பிரிவுக்கு அதிகபட்ச தண்டனை எவ்வளவு, இதுவரை உள்ளே எத்தனை நாள். இந்தக் கணக்கைப் போட்டால் பல பேருக்குச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருப்பது தெரியும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவின்படி, அதிகபட்ச தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவரை ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் சிக்கல். அந்தக் காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் இருக்கும் சிறையில் ஒருவரின் நாட்கணக்கை யாராவது தனியாக உட்கார்ந்து எண்ண வேண்டும்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் இன்னொரு கூட்டம். உத்தரவு வந்திருக்கும், ஜாமீன்தாரர் இருக்க மாட்டார். 1978-இல் மோதிராம் என்ற ஏழைக் கொத்தனாருக்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரையும் ஏற்க மறுத்தார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைத் தவறு என்று சொல்லி, தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்தார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கதை ஓயவில்லை. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது: ஜாமீன் கிடைத்து 7 நாளுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். கைதியின் ஊருக்குப் போன் போட்டு, குடும்பத்தைக் கண்டுபிடித்து, ஜாமீன்தாரர் என்னென்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வது மாணவர்கள் செய்யக்கூடிய வேலை. பல குடும்பங்களுக்கு ஜாமீன் கிடைத்த செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது.

கல்லூரியிலிருந்து கிளம்பிய கடிதங்கள்

மையத்தில் உட்கார்ந்து தனி மனிதருக்கு உதவுவது ஒரு வகை. சட்டமே தவறாக இருக்கும்போது அதைச் சுட்டிக்காட்டுவது இன்னொரு வகை. அதற்கும் சட்டக் கல்லூரிகளில் ஒரு வரலாறு இருக்கிறது. மகாராஷ்டிராவில் காவல் நிலையத்துக்குள் மதுரா என்ற பழங்குடிச் சிறுமிக்கு நடந்த கொடுமையில், 1978-இல் சுப்ரீம் கோர்ட் இரண்டு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. அடுத்த ஆண்டு உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் நாடு முழுவதும் பெண்கள் இயக்கத்தைக் கிளப்பிவிட்டது. 1983-இல் சட்டமே திருத்தப்பட்டு, காவலில் நடக்கும் பாலியல் வன்முறைக்குத் தனிப் பிரிவு வந்தது. பக்ஷியும் லோதிகா சர்க்காரும் ஆக்ராவில் பெண்கள் பாதுகாப்பு இல்லத்தின் நிலைமை பற்றி எழுதிய கடிதத்தை 1981-இல் சுப்ரீம் கோர்ட் மனுவாகவே எடுத்துக்கொண்டது.

மாணவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். மும்பையின் ஆரே காட்டில் மெட்ரோ பணிமனைக்காக மரங்களை வெட்டியபோது, ஒரு சட்ட மாணவர் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தை சுப்ரீம் கோர்ட் பொதுநல மனுவாக ஏற்று, 2019 அக்டோபர் 7 அன்று விடுமுறைக் காலத்திலேயே அமர்வு கூட்டி வெட்டுவதை நிறுத்தச் சொன்னது. அதற்குள் பெரும்பாலான மரங்கள் விழுந்திருந்தன என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் நடந்த மரண தண்டனை ஆய்வு இதைவிட ஆழமானது. மாணவர்கள் சிறை சிறையாகப் போய், தூக்குத் தண்டனை பெற்றவர்களையும் ஊர்களில் அவர்களின் குடும்பங்களையும் சந்தித்துப் பேசினார்கள். 385 பேரில் 373 பேரின் விவரம் கிடைத்தது. 2016-இல் வெளியான அறிக்கையின்படி அவர்களில் 74 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நம் நாட்டில் தூக்கு மேடைக்குப் போகும் பாதையில் யார் நிற்கிறார்கள் என்று இவ்வளவு விரிவாக அதற்கு முன் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

படிக்க வருகிறவர் யார் என்பதும் இந்த விஷயத்தோடு சேர்ந்ததுதான். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வும் கட்டணமும் கிராமப்புற மாணவர்களுக்கு எட்டாமல் இருப்பதைப் பார்த்து, பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் ஐடியா என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்தப் பல்கலைக்கழக மாணவர்களே வசதியில்லாத பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் 69 சதவீத இடஒதுக்கீடு இருப்பதால், வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிறவர்கள் நிறைய. ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று கூச்சப்படும் அந்த மாணவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். வி.ஏ.ஓ. ஆபீஸில் எப்படிப் பேசுவார்கள், பட்டா மாறுதலுக்கு எத்தனை நடை நடக்க வேண்டும், காலனித் தெருவிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு வீட்டிலேயே தெரிந்த பாடம். சட்ட உதவி மையத்தில் இதைவிடப் பெரிய தகுதி கிடையாது.

எங்கே சறுக்குகிறது

பல கல்லூரிகளில் மையம் என்பது ஒரு பெயர்ப் பலகையும் ஆண்டுக்கு ஒரு விழிப்புணர்வு முகாமும்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஷாமியானா போட்டு, பேனர் கட்டி, போக்சோ சட்டம் பற்றி ஒரு மணி நேரம் பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகாம் முடிந்ததும் கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு அக்கா வந்து, "தம்பி, எங்க வீட்டுல ஒரு பிரச்சினை" என்று மெதுவாகப் பேச்செடுப்பார். அந்த நேரத்தில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தால் முகாமுக்கு அர்த்தமே இல்லை. அவரிடம் போன் நம்பரும், அடுத்து எந்த நாள் எங்கே வர வேண்டும் என்ற விவரமும் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, கோடை விடுமுறை. கடைசி ஆண்டு மாணவர்கள் தேர்வு எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஜூலையில் பாட்டி வந்து கேட்டால் அவர் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. இதற்குத் தீர்வு சாதாரணமானது: ஒரு பதிவேடு. வந்தவர் பெயர், பிரச்சினை, எந்த அலுவலகத்துக்கு என்ன மனு எந்தத் தேதியில் போனது, மனு எண், அடுத்த தேதி, பொறுப்பு யார். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு மூத்த மாணவரும் ஒரு இளைய மாணவரும் சேர்ந்து பொறுப்பெடுத்தால், மூத்தவர் போனாலும் இளையவருக்குக் கதை தெரியும். பத்து முகாம் நடத்திய கல்லூரியைவிட, ஒரே ஒரு கோப்பை இரண்டு ஆண்டு விடாமல் நகர்த்தி முடித்த கல்லூரியைத்தான் நான் மதிப்பேன்.

ரகசியம் காப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. மையத்தில் கேட்டதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, பெயரை மாற்றிப் போட்டால் பரவாயில்லை என்று நினைப்பது இரண்டுமே கூடாது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். அதே சமயம், ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மாணவர் வாக்குக் கொடுக்க முடியாது. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். பொறுப்பாசிரியரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. வன்கொடுமை வழக்குகளுக்கும் இதுவே பொருந்தும்.

சேர வேண்டுமென்றால்

முதல் இரண்டு ஆண்டு மாணவர்கள் பதிவேடு எழுதுவதிலும், மூத்தவர் கேட்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதிலும் தொடங்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரவும் சட்ட மாணவர்களுக்கு இடமுண்டு, வக்கீலாகப் பதிவு செய்யும் வரை அதில் தொடரலாம். ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் கட்டாயமாகச் செய்ய வேண்டிய இன்டர்ன்ஷிப்பில் ஒரு பகுதியைத் தொண்டு நிறுவனத்தில் செய்வது நல்ல பழக்கம். பெரிய நிறுவனத்தின் பெயர் பயோடேட்டாவில் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் ஒரு மாதம் நின்றவருக்கு நிலச் சட்டம் புரிகிற மாதிரி வேறு யாருக்கும் புரியாது.

உதவி தேவைப்படுகிறவர்கள் பக்கத்துச் சட்டக் கல்லூரியில் சட்ட உதவி மையம் எந்த நாளில் திறந்திருக்கும் என்று விசாரித்துவிட்டுப் போகலாம். போகும்போது கையில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும், தேவையில்லை என்று தோன்றுவதையும் சேர்த்து, எடுத்துப் போங்கள். கல்லூரி தூரம் என்றால் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கட்டணமில்லா எண் 15100. வன்முறைக்கு உள்ளாகும் பெண்கள் 181-இல் அழைக்கலாம், குழந்தைகளுக்கு 1098. இலவச வக்கீல் கேட்டு விண்ணப்பிக்க எங்கும் கட்டணம் கிடையாது. எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், அங்கே இருப்பவர் எழுதிக்கொள்வார்.